மாம்பழச் சூடா, பித்தமா?

கேள்வி: மருமகளுக்கு 8-ம் மாசம். பத்து நாளா உள்ளங்கை, உள்ளங்கால்ல ஒரே அரிப்பு, ராத்திரியெல்லாம் சொறிஞ்சிக்கிட்டே உக்காந்திருக்கா, தடிப்பு எதுவும் இல்ல. எங்க தோட்டத்து மாம்பழம் தின்ன சூடுங்கறாங்க ஊர்ல, டாக்டரம்மா ரத்தத்துல பித்த அமிலம் பாக்கணும்ங்கறாங்க. பித்தத்துக்கும் கர்ப்பத்துக்கும் என்ன சம்பந்தம்? அது கிட்னி வழியா ஒண்ணுக்குல போயிடாதா?
- ஒரு வாசகி, காவேரிப்பட்டணம்

பதில்: அம்மா, மாம்பழச் சூடுங்கற பேச்ச விட்டுடுங்க, டெஸ்ட் இன்னைக்கே எடுங்க. தடிப்பே இல்லாம உள்ளங்கை உள்ளங்கால் அரிக்குதுன்னா கர்ப்பகால பித்தத் தேக்கமான்னு பாத்தே ஆகணும். கடைசி மூணு மாசத்துல ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன்ங்கற பொம்பள ஹார்மோனுங்க உச்சத்துல இருக்கும், கல்லீரல்லருந்து பித்தத்த, அதாவது கொழுப்பு செரிக்க அது சுரக்குற நீர, வெளிய தள்ளுற பம்ப்ப அதுங்க மந்தமாக்கிடும், சில குடும்பத்துல அந்த பம்ப் பிறவியிலயே கொஞ்சம் வீக், அப்போ பித்த அமிலம் ரத்தத்துல ஏறி அரிப்பு வருது. ஈஸ்ட்ரோஜன் உள்ள கருத்தடை மாத்திரை சாப்புடுற சிலருக்கும் இதே கதைதான்.

கிட்னிய பத்தி கேட்டீங்களே, நல்ல கேள்வி. கிட்னி பித்த அமிலத்த வடிகட்டும், ஆனா வெளிய விடாது! குடலுக்கு வந்த பித்த அமிலத்துல சுமார் 95 சதவீதத்த உடம்பு திரும்ப எடுத்துக்குது, சிறுகுடல் கடைசியில அத இழுக்குற ஏஎஸ்பிடிங்கற புரதமே கிட்னியோட நுண்குழாய்லயும் உக்காந்துக்கிட்டு, இறங்குனத திரும்ப ரத்தத்துக்கே அனுப்பிடுது. தேக்கம் வந்தா கதை மாறும். பித்தக்குழாய கட்டி வச்ச எலிங்களோட கிட்னியில இந்த புரதம் குறைஞ்சுது, அப்போ பித்த அமிலம் ஒண்ணுக்குல போக வழி கெடைக்குது, அதாவது உங்க கேஆர்பி டேம்ல வரத்து ஜாஸ்தியானா ஷட்டர தூக்குற மாதிரி. ஆனாலும் கல்லீரல் அடைச்சத கிட்னியால முழுசா ஈடுகட்ட முடியாது.

ஆம்பள பொம்பள வித்தியாசம் கிட்னியிலயும் உண்டு. பித்த அமிலத்தயும் ஏத்திக்கிற இன்னொரு கடத்திப் புரதம் ஆண் எலி கிட்னியில ஜாஸ்தி, விதைய எடுத்துட்டா குறையுது, ஆண் ஹார்மோன் டெஸ்டோஸ்டிரோன் குடுத்தா திரும்ப ஏறுது. எலிக்கணக்க அப்படியே நமக்குப் போடக்கூடாதுங்க, ஆனா ஹார்மோன் கிட்னி வரைக்கும் கை வைக்குதுன்னு தெரியுது.

ரிப்போர்ட்ல பித்த அமிலம் லிட்டருக்கு 100 மைக்ரோமோலுக்கு மேல போனா வயித்துக்குள்ளயே குழந்தைக்கு ஆபத்து, அதான் டாக்டரம்மா அவசரப்படுறாங்க, பிரசவத்த முன்னாடியே வச்சாலும் வைப்பாங்க. அசைவு குறைஞ்சா விடியட்டும்னு காத்திருக்காதீங்க, உடனே கெளம்புங்க. குழந்தை பொறந்ததும் அரிப்பு பெரும்பாலும் தானா அடங்கிடும், அடுத்த கர்ப்பத்துல திரும்ப வரலாம், அப்போ முதல்லயே சொல்லிடுங்க. மாம்பழம், சக்கரை வியாதி இல்லன்னா தாராளமா சாப்புடட்டும்.