லிண்டவர் ஓவியத்தில் அந்தக் கறுப்புத் தொங்கல்

ஓவியர் லிண்டவர் வரைந்த படத்தில் போர்வைமேல் தொங்குவது இறகா என்று கேட்டிருந்தீர்கள். அது இறகு இல்லை, முறுக்கிய நார். நீங்கள் போட்டிருக்கும் மாவோரி (நியூசிலாந்துப் பழங்குடி) தலைவர் படத்தில் வெள்ளைப் போர்வைமேல் தொங்கும் கறுப்பு இழைகளுக்கு ஹுக்காஹுக்கா என்று பெயர். அவை இருப்பதால் படக்குறிப்பில் கொரோவாய், அதாவது இழைத் தொங்கல் வைத்த போர்வை, என்றே எழுதலாம். ஹராகெகெ செடியின் இலைநாரை உருட்டி, இரும்புச்சத்துள்ள சேற்றில் ஊறவைத்துக் கறுப்பாக்குவார்கள்.

இறகுப் போர்வையையும் இப்போது பலர் கொரோவாய் என்றே சொல்லிவிடுகிறார்கள், குழப்பம் அங்கிருந்துதான் வந்திருக்கும்.

சந்தேகம் இருந்தால் தோள் பக்கத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். தனித்தனிக் கயிறாக, ஒரே தடிமனில் நேராகத் தொங்கினால் நார். பழுப்பாக, மயிர்போலச் சிலிர்த்து நின்றால் கிவி இறகு. தலைகீழாக வைத்துக் கட்டுவதால் வரும் சிலிர்ப்பு அது, முதல்முறை பார்த்தபோது நான் ஏதோ மிருகத்தோல் என்றே நினைத்தேன். தொங்கலே இல்லாமல் கீழ் ஓரத்தில் மட்டும் முக்கோண வேலைப்பாடு இருந்தால் அது கைட்டக்கா என்ற வேறு வகைப் போர்வை.

ஒன்று மட்டும் கவனம். 'அவருடைய போர்வை' என்று எழுதிவிடாதீர்கள். 1874-இல் நியூசிலாந்து வந்த லிண்டவர் பல படங்களைப் புகைப்படம் பார்த்துத்தான் வரைந்தார், அந்தக் காலத்து ஸ்டூடியோக்களில் வருபவர்களுக்குப் போர்த்திவிடவே போர்வைகள் வைத்திருந்தார்கள்.