எட்டாம் ஹென்றியின் விவாகரத்தால்தான் இங்கிலாந்து புராட்டஸ்டன்ட் நாடானதா?

பாதிதான் உண்மை. முதல் மனைவி கேத்தரினுடனான திருமணம் செல்லாது என்று அறிவிக்கும்படி இங்கிலாந்து மன்னர் ஹென்றி கேட்டார், போப் இழுத்தடித்தார். கேத்தரினின் அக்கா மகன்தான் பேரரசர் ஐந்தாம் சார்லஸ், 1527-ல் அவருடைய படை ரோமையே சூறையாடியிருந்தது. போப் வேறென்ன செய்வார்! 1534-ல் ஹென்றி தன்னையே இங்கிலாந்துத் திருச்சபையின் தலைவராக்கிக்கொண்டார்.

ஆனால் நம்பிக்கையில் அவர் பெரிதாக மாறவில்லை. புராட்டஸ்டன்ட் இயக்கத்தைத் தொடங்கிவைத்த மார்ட்டின் லூதரை எதிர்த்து எழுதி 1521-ல் போப்பிடமே பட்டம் வாங்கியவர் அவர். 1539-லும் லத்தீன் திருப்பலியும் குருக்களின் மணத்தடையும் சட்டப்படி தொடர்ந்தன.

என் பார்வையில், மாற்றத்தை வேரூன்ற வைத்தது நிலம். 1536 முதல் 1540-க்குள் சுமார் 800 துறவு மடங்கள் மூடப்பட்டன. அவற்றின் நிலங்களில் பெரும்பகுதியை ஹென்றி பிரபுக்களுக்கும் வசதி படைத்தவர்களுக்கும் விற்றார். வாங்கியவர்கள் திருப்பிக் கொடுப்பார்களா? பின்னாளில் அரசியாகி, கத்தோலிக்கத்தை மீட்டு, ஏறத்தாழ 280 புராட்டஸ்டன்டுகளை எரித்துக் கொன்ற ஹென்றியின் மகள் முதலாம் மேரியாலேயே அந்த நிலங்களைப் பிடுங்க முடியவில்லை.

கோட்பாட்டளவிலான மாற்றம் ஹென்றியின் மகன் ஆறாம் எட்வர்டின் காலத்தில்தான் நடந்தது. 1549-ல் வழிபாடு ஆங்கிலத்துக்கு வந்தது. ஒன்பது வயதில் அரியணை ஏறிய பையன் அவர்; முடிவெடுத்தவர்கள் பெரும்பாலும் ஆலோசகர்களே.

மேரிக்குப் பின் அரசியான அவருடைய தங்கை முதலாம் எலிசபெத் 1559-ல் செய்த ஏற்பாடுதான் நிலைத்தது. கோட்பாடு புராட்டஸ்டன்ட், ஆனால் ஆயர்களும் குருக்களின் அங்கிகளும் பழையபடியே. ‘தலைவர்’ என்பதற்குப் பதிலாக ‘ஆளுநர்’ என்ற பட்டத்தை அவர் ஏற்றார். இன்றும் அரியணையில் இருப்பவருக்கு அதே பட்டம்தான்.