38 நாள் குழந்தையின் மலம் வெளுத்துப் போவது ஏன்?

கேள்வி: என் பெண் குழந்தைக்கு 38 நாள் ஆகிறது. தாய்ப்பால் மட்டும்தான். மூன்றாம் நாள் வந்த மஞ்சள் காமாலை இன்னும் கண்ணில் தெரிகிறது. ஒரு வாரமாக மலம் மைதா மாவு பிசைந்தது போல வெளுத்துப் போகிறது. சிறுநீர் பட்ட துணியில் மஞ்சள் கறை படிகிறது. பால் நன்றாகக் குடிக்கிறாள், எடையும் ஏறுகிறது. காலை வெயிலில் காட்டினால் சரியாகிவிடும் என்கிறார் மாமியார். இன்னும் கொஞ்ச நாள் பார்க்கலாமா?

பதில்: வேண்டாம் அம்மா. நாளையே குழந்தைகள் நல மருத்துவரிடம் கொண்டு போங்கள்.

மலத்துக்கு மஞ்சளோ பச்சையோ நிறம் கொடுப்பது கல்லீரலில் சுரந்து குடலுக்கு வரும் பித்தநீர். அது குடலுக்கு வராவிட்டால் மலம் சுண்ணாம்பு போல, சாம்பல் போல, வெளிறிய சந்தனம் போல ஆகிவிடும். வெளியேற வழியில்லாத பித்தம் ரத்தத்தில் கலந்து சிறுநீரில் இறங்கும். இந்த வயதில் சிறுநீர் தண்ணீர் போல இருக்க வேண்டும். துணியில் கறை படியக் கூடாது. உங்கள் குழந்தைக்கு இரண்டு அறிகுறியும் இருக்கின்றன.

தாய்ப்பாலால் வரும் காமாலையும் இரண்டு மூன்று மாதம் வரை நீடிக்கலாம். ஆனால் அதில் மலம் கடுகு அரைத்த மஞ்சளாகவும், சிறுநீர் நிறமில்லாமலும் இருக்கும். மாமியார் பார்த்துப் பழகியது அந்தக் காமாலையாக இருக்கலாம். பித்தம் தேங்கி வரும் காமாலைக்கு வெயில் மருந்தாகாது. கீழாநெல்லிச் சாறும் கொடுக்க வேண்டாம்.

என் முதல் சந்தேகம் பித்தநாள அடைப்பு. 'பிலியரி அட்ரீசியா' என்பார்கள். பித்தநீரைக் குடலுக்குக் கொண்டுவரும் குழாயான பித்தநாளம் வடுப்பட்டு மூடிக்கொள்ளும் நோய் இது. முதல் வாரங்களில் குழந்தை கொழுகொழுவென்று இருப்பதால்தான் பலர் ஏமாந்துபோகிறார்கள். உள்ளே கல்லீரல் இறுகிக்கொண்டே போகும். குடலையே கல்லீரலோடு இணைத்துப் பித்தத்துக்கு வழி செய்யும் கசாய் அறுவை சிகிச்சையை 60 நாளுக்குள் செய்தால் பலன் கிடைக்கும் வாய்ப்பு அதிகம். தாமதமானால் கல்லீரல் மாற்று சிகிச்சை வரை போக நேரும். உங்களுக்கு மீதி இருப்பது 22 நாள். அதற்குள் பரிசோதனைகளும் முடிந்தாக வேண்டும்.

காமாலையில் மஞ்சள் நிறம் தருவது பிலிரூபின். ரத்தப் பரிசோதனையில் மொத்த பிலிரூபினை மட்டும் பார்த்து அனுப்பிவிட்டால் போதாது. அதில் பித்தம் தேங்கினால் கூடும் பகுதியான 'டைரக்ட் பிலிரூபின்' எவ்வளவு என்று கேளுங்கள். ஒரு டெசிலிட்டர் ரத்தத்தில் 1 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் அன்றே அடுத்த கட்டத்துக்குப் போக வேண்டும்: வெறும் வயிற்றில் வயிற்று ஸ்கேன், தேவைப்பட்டால் கல்லீரல் திசுப் பரிசோதனை. குழந்தைகள் அறுவை சிகிச்சைப் பிரிவு உள்ள மருத்துவமனையாகப் பார்த்துப் போவது நல்லது. வேறு காரணங்களாலும் பித்தம் தேங்கலாம். அதையும் இதே பரிசோதனைகளில்தான் பிரித்தறிவார்கள்.

மலத்தின் நிறத்தைப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். மஞ்சள் பல்பின் கீழ் வெளுத்த மலமும் மஞ்சளாகத் தெரியும். இரண்டு மூன்று டயப்பர்களைப் படமெடுத்து எடுத்துச் செல்லுங்கள். தைவானில் 2004 முதல் மலநிற அட்டையைத் தாய்மார்களிடம் கொடுத்து ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்கிறார்கள். அதனால் அங்கே இந்த நோயை முன்பைவிடச் சீக்கிரம் பிடிக்க முடிகிறது. நம் ஊரிலும் ஒவ்வொரு தாயின் கையிலும் அப்படியோர் அட்டை இருக்க வேண்டும் என்பது என் ஆசை.

மற்ற நிறங்களைப் பற்றிச் சுருக்கமாக: பச்சை மலம் பெரும்பாலும் கவலைக்குரியதல்ல. முதல் இரண்டு மூன்று நாள் தார் போல கருப்பாகப் போவது இயல்பு. இரும்புச்சத்து சொட்டு மருந்து கொடுத்தாலும் கருக்கும். இவை இல்லாமல் கருப்பாகப் போனாலோ, மலத்தில் ரத்தம் தெரிந்தாலோ மருத்துவரிடம் காட்டுங்கள். விட்டு விட்டு வீறிட்டு அழுது, காலை மடக்கி, சிவப்பு ஜெல்லி போலப் போனால் அது குடலின் ஒரு பகுதி இன்னொரு பகுதிக்குள் நுழைந்துகொள்ளும் குடல் செருகலாக இருக்கலாம். உடனே அவசரப் பிரிவுக்கு ஓட வேண்டும்.

பித்தம் குடலுக்கு வராவிட்டால் வைட்டமின் கே உடலில் சரியாகச் சேராது, ரத்தம் உறைவதும் தடைபடும். பிறந்தபோது அந்த ஊசி போட்டார்களா என்று டிஸ்சார்ஜ் சீட்டில் பார்த்து மருத்துவரிடம் சொல்லுங்கள். தொப்புளிலோ மூக்கிலோ ரத்தம் கசிந்தாலோ, குழந்தை பால் குடிக்காமல் துவண்டாலோ, வாந்தி எடுத்தாலோ, உச்சிக்குழி புடைத்தாலோ விடியும் வரை காத்திருக்காமல் அன்று இரவே கிளம்புங்கள். தாய்ப்பாலை நிறுத்த வேண்டாம்.