தலைகீழ் மலை – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

அமெரிக்காவின் அரிசோனாவில் உள்ள கிராண்ட் கேன்யன் பெரும்பள்ளத்தாக்குக்குள் இறங்கி வந்ததைப் பற்றி நீங்கள் எழுதியதை வாசித்திருக்கிறேன். ஃபீனிக்ஸில் வசிக்கும் என் மகள், வரும் அக்டோபரில் வழிகாட்டியுடன் முதுகுப்பை சுமந்து நான்கு நாள் நடக்கும் குழுவொன்றில் எங்கள் இருவருக்கும் இடம் பதிவு செய்திருக்கிறாள். எனக்கு வயது 57. ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எடுத்துக்கொள்கிறேன். பல ஆண்டுகளாக வெள்ளியங்கிரி ஏறி வருகிறேன். வெயிலும் எனக்குப் பழக்கம். வழிகாட்டி உடன் வருவதால் தனியாக ஆயத்தம் தேவையில்லை என்று நினைக்கிறேன். மகளோ பயிற்சியைத் தொடங்கச் சொல்லி வற்புறுத்துகிறாள். தங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.

க., கோயம்புத்தூர்

அன்புள்ள க.,

உங்கள் மகள் சொல்வதே சரி. வெள்ளியங்கிரிப் பழக்கம் உங்களுக்குப் பெரிய பலம் என்பதில் ஐயமில்லை. ஆனால் அங்கே கால்கள் கற்றுக்கொண்ட வரிசை இங்கே தலைகீழாகிவிடும். மலையில், உடல் சோராத நேரத்தில் ஏறுகிறோம். முடியவில்லை என்று தோன்றினால் எந்த இடத்திலும் திரும்பி இறங்கிவிடலாம். கேன்யனிலோ முதல் நாள் முழுவதும் இறக்கம். மூச்சு வாங்காது, காற்று குளிர்ச்சியாக இருக்கும், இன்னும் எவ்வளவு தூரமும் போகலாம் என்று தோன்றும். பல குழுக்கள் இறங்கும் சவுத் கைபாப் பாதை, ஏறத்தாழ 11 கிலோமீட்டருக்குள் 1,400 மீட்டருக்கு மேல் இறங்கி கொலராடோ ஆற்றைத் தொடுகிறது. வழியில் ஒரு சொட்டுக் குடிநீர் கிடையாது. ஏற்றம் கடைசியில், கால்கள் மூன்று நாள் களைத்த பிறகு வருகிறது. இறங்குவது உங்கள் விருப்பம், ஏறுவது கட்டாயம் என்று கிராண்ட் கேன்யன் தேசியப் பூங்காவினர் எச்சரிப்பது இதனால்தான். இறங்க எடுத்த நேரத்தைப் போல இரு மடங்கை ஏறுவதற்கு ஒதுக்கச் சொல்வதும் அவர்கள் வழக்கம்.

வழிகாட்டியைப் பற்றி நீங்கள் நினைப்பதில் ஒரு பாதி உண்மை. இரவு தங்குவதற்கான அனுமதி, உணவுத் திட்டம், எந்த ஊற்றில் நீர் இருக்கிறது என்ற செய்தி, முதலுதவி ஆகியவற்றை அவர் பார்த்துக்கொள்வார். ஆனால் உங்கள் முழங்காலை அவரால் சுமக்க முடியாது. கூடாரத்திலும் உணவிலும் உங்கள் பங்கைச் சேர்த்தால் பை 13 கிலோவைத் தாண்டிவிடும்; அதை முதுகில் வைத்துக்கொண்டு ஆயிரக்கணக்கான முறை உடலைத் தாங்கித் தாங்கி இறக்கப்போவது உங்கள் தொடைத் தசைகள். நடைப்பயிற்சியும் ஏற்றமும் இந்தத் தசைகளைப் போதுமான அளவு பழக்குவதில்லை. சுமையோடு இறங்கினால்தான் பழகும். எனவே இந்த மாதமே தொடங்குங்கள். பையில் தண்ணீர் பாட்டில்களை வைத்து, முதலில் 5 கிலோவுடன், மருதமலைப் படிகளிலோ குடியிருப்பின் மாடிப்படிகளிலோ ஏறி இறங்குங்கள். வாரந்தோறும் சிறிது கூட்டி, செப்டம்பருக்குள் முழு எடையை எட்டுங்கள். வெள்ளியங்கிரியில் மூங்கில் தடியை ஊன்றி இறங்கியிருப்பீர்கள். இங்கே நடைத்தடி இரண்டாக இருக்கட்டும்.

பயிற்சி முழுவதையும் கொண்டுபோகும் காலணியோடே செய்யுங்கள். நான் சற்றே நீளம் குறைந்த காலணியோடு இறங்கினேன். ஆற்றங்கரையை அடைந்தபோது இரண்டு பெருவிரல் நகங்களும் கறுத்திருந்தன, மீதி நாள்கள் ஒவ்வோர் அடியும் வலித்தது. விரலுக்கு முன்னால் கட்டைவிரல் அகலத்துக்கு இடம் வேண்டும். நகங்களை முந்தைய வாரமே ஒட்ட வெட்டிவிடுங்கள்.

வெயில் பழக்கம் என்கிறீர்கள். அக்டோபரில் மேல் விளிம்பில் இரவு உறைநிலையை நெருங்கும்போதே, ஆற்றங்கரையில் பகல் 30 பாகையை ஒட்டி இருக்கும். கோவைக்காரருக்கு அது பெரிதல்ல. ஆனால் நம் ஊரில் வியர்வை சட்டையை நனைத்து எச்சரித்துவிடும். பாலைவனத்தின் வறண்ட காற்றிலோ வியர்வை தோலில் தோன்றுவதற்குள் ஆவியாகிவிடுவதால், உடல் லிட்டர் கணக்கில் நீரை இழப்பதே நமக்குத் தெரிவதில்லை. சட்டையில் படியும் வெள்ளை உப்புக் கோட்டைப் பார்த்துத்தான் புரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. இதற்கு அஞ்சி வெறும் தண்ணீரையே குடித்துக்கொண்டிருப்பதும் ஆபத்து. ரத்தத்தில் சோடியம் குறைந்து, தலைவலி, குமட்டல், மனக்குழப்பம் என்று வெப்பச் சோர்வைப் போன்றே அறிகுறிகள் தோன்றும். மேலும் தண்ணீர் கொடுத்தால் நிலைமை மோசமாகும். ஆகவே நீரோடு உப்பும் உணவும் போக வேண்டும். உப்புக்கடலை, முறுக்கு, உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலங்கள் ஆகியவை பையின் மேலறையில் கைக்கு எட்டும்படி இருக்கட்டும். பசி இல்லாவிட்டாலும் மணிக்கு ஒருமுறை கொஞ்சம் கொறியுங்கள்.

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது அந்த மாத்திரைதான். ரத்த அழுத்தத்துக்குத் தரப்படும் மாத்திரைகளில் சில சிறுநீரைப் பெருக்கி நீரையும் சோடியத்தையும் வெளியேற்றுபவை. உப்பைக் கூட்டிக்கொள்வதும் உங்களைப் போன்றவர்கள் தாமாக முடிவு செய்யக்கூடியதல்ல. பயணத் திட்டத்தை மருத்துவரிடம் விரிவாகச் சொல்லி, மாத்திரை, உப்பு இரண்டையும் பற்றிக் கேளுங்கள். அவர் சொன்னதை வழிகாட்டிக்கு இப்போதே எழுதிவிடுங்கள். உடல்நலப் படிவத்தில் உண்மையைச் சொன்னால் சேர்க்கமாட்டார்களோ என்று பலர் மறைக்கிறார்கள். கைப்பேசிக்குப் பெரும்பாலான இடங்களில் தொடர்பே கிடைக்காத ஒரு பள்ளத்தில், நீங்கள் ஏன் தடுமாறுகிறீர்கள் என்பதை ஊகிக்க வேண்டிய நிலையில் அவரை விடாதீர்கள்.

வழிகாட்டி திரும்பிப் போகச் சொன்னால், வானம் தெளிவாக இருக்கிறதே என்று வாதிடவும் வேண்டாம். 1997 ஆகஸ்ட்டில் அதே அரிசோனாவின் ஆன்டலோப் கேன்யனில், பல கிலோமீட்டர் அப்பால் பெய்த மழையின் வெள்ளம் இடுக்குக்குள் பாய்ந்து 11 பயணிகள் இறந்தார்கள்.

கடைசி நாள் பிரைட் ஏஞ்சல் பாதையில் ஏறுவீர்கள் என்றால், பாதி வழியில் ஹவாசுபாய் தோட்டத்தில் காட்டன்வுட் மரங்களின் நிழல் கிடைக்கும். அங்கிருந்து இன்னும் 900 மீட்டருக்கு மேல் ஏற்றம் இருக்கிறது. ஓடையில் சட்டையை நனைத்து அணிந்துகொண்டு, பக்கத்தில் வருபவரோடு பேச முடிகிற வேகத்தில் மட்டும் நடங்கள்.

ஒரு மாதம் படியிறங்கிய பிறகு முழங்கால் எப்படி இருக்கிறது என்று எழுதுங்கள்.

அன்புடன்.