பழைய லேப்டாப் படு ஸ்லோ. ரேம் ஏற்றினால் போதுமா, புதுசே வாங்கிவிடலாமா?

நீங்கள் சொன்ன விவரம்: 2016இல் வாங்கியது, ஐ3 ஆறாம் தலைமுறை, 4 ஜிபி ரேம், 1 டிபி ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 10. ஆன் ஆகி கைக்கு வரவே ஐந்து நிமிடம், குரோமைத் திறந்தால் அப்படியே நின்றுவிடுகிறது. கடைக்காரர் ரேம் போடச் சொல்கிறார்.

ரேம் அப்புறம். முதலில் அந்த ஹார்ட் டிஸ்கைக் கழற்றிவிட்டு, அதன் இடத்தில் எஸ்எஸ்டி (தட்டு இல்லாமல் சிப்பிலேயே சேமிக்கும் டிஸ்க்) போடுங்கள்.

நான் கிருஷ்ணகிரியில் சின்னச் சின்ன நிறுவனங்களுக்குக் கணக்கு எழுதுகிறவன். பர்கூர் ஜவுளிக்கடை, கிரானைட் பாலிஷ் போடும் இடம், மாங்கூழ் ஃபேக்டரி என்று போகிற இடமெல்லாம் இந்த வயது லேப்டாப்தான் மேசையில் இருக்கும். 20ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-3பி என்கிற மாத ஜிஎஸ்டி கணக்கைப் போட உட்காரும்போது அது சுற்றிக்கொண்டே இருந்தால் ஓனர் லேப்டாப்பை முறைக்க மாட்டார், என்னைத்தான் முறைப்பார். அதனால் இந்த வியாதி எனக்கு நல்ல பழக்கம்.

நீங்களே பார்த்துக்கொள்ளலாம். லேப்டாப் ஆன் ஆனதும் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். அதில் பெர்ஃபார்மன்ஸ் பக்கத்துக்குப் போங்கள். பெரும்பாலும் சிபியு (ப்ராசஸர்) பாதிகூட வேலை செய்யாமல் சும்மா இருக்கும். டிஸ்க் மட்டும் 100 சதவீதத்தில் ஒட்டிக்கொண்டு நிற்கும். வேடிக்கை என்னவென்றால், அந்த 100 சதவீதத்தில் அது படிக்கிற வேகம் நொடிக்கு ஒன்றிரண்டு எம்பிதான் காட்டும். இதே டிஸ்க் ஒரு முழுப் படத்தைக் காப்பி செய்யும்போது 100 எம்பி வரை போகும். விண்டோஸ் ஏறும்போது கேட்பது ஆயிரக்கணக்கான குட்டி ஃபைல்களை, அதுவும் ஹார்ட் டிஸ்கின் உள்ளே சுற்றும் தட்டில் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கிடப்பவற்றை. லேப்டாப் டிஸ்கின் தட்டு பெரும்பாலும் நிமிடத்துக்கு 5400 சுற்று, அதாவது ஒரு சுற்றுக்கு 11 மில்லி விநாடி. ஒவ்வொரு தடவையும் தட்டைப் படிக்கிற முள் நகர வேண்டும், பிறகு தட்டு சுற்றி அந்த இடம் வர வேண்டும். நொடிக்கு நூறு தடவை எடுத்துத் தந்தாலே பெரிய விஷயம். எஸ்எஸ்டியில் சுற்றுகிற பாகமே கிடையாது, பல்லாயிரம் தடவை எடுக்கும். ரேமை மட்டும் இரட்டிப்பாக்கினால் இந்தத் தேடல் குறையாது. ஆன் ஆகும் நேரம் ஏறக்குறைய அதேதான் இருக்கும்.

வாங்க வேண்டியது 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டி, அதாவது பழைய ஹார்ட் டிஸ்க் இருந்த அதே இணைப்பில் உட்காரும் வகை. 256 ஜிபி கணக்கு வேலைக்குப் போதும், ஃபோட்டோ நிறைய வைத்திருந்தால் 512. பெட்டியில் நொடிக்கு 550 எம்பி என்று போட்டிருக்கும், சாட்டாவில் உச்சமே அவ்வளவுதான். என்விஎம்இ என்கிற வேறு வகை எஸ்எஸ்டி இன்னும் வேகம் என்று யாராவது சொன்னால் அவசரப்பட வேண்டாம். உங்கள் மாடலில் அதைச் செருகும் எம்.2 ஸ்லாட்டே இல்லாமல் இருக்கலாம், இருந்தாலும் சாட்டா வகையை மட்டும் ஏற்பதாக இருக்கலாம். செகண்ட் ஹேண்ட் எஸ்எஸ்டி வேண்டவே வேண்டாம், அது எழுத எழுதத் தேயும் சாமான். கம்ப்யூட்டர் சாமான் கடைகள் நிறைந்த பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் கொஞ்சம் மலிவு என்று இங்கிருந்து பஸ் ஏறுகிறவர்கள் நிறைய. போய்வரும் காசும் ஒரு நாள் வேலையும் கணக்கில் சேர்ந்தால் என்ன மிச்சம்? வாரண்டிக்கு மறுபடியும் அங்கேதான் ஓட வேண்டும். உள்ளூரில் பில்லோடு வாங்குங்கள்.

மூடியைத் திறக்கிற அன்றைக்கே ஃபேனையும் பார்த்துவிடச் சொல்லுங்கள். கிரானைட் பட்டறை ஆபீஸ் லேப்டாப் ஒன்றைத் திறந்தபோது, ஃபேன் காற்று வெளியேறும் செப்புத் தகடுகளின் இடுக்கு முழுக்கச் சாம்பல் நிறத்தில் தூசி கம்பளிபோல் படிந்திருந்தது. டெக்னீஷியன் ட்வீசரால் பிடித்து இழுத்ததும் ஒரே துண்டாக உரிந்து வந்தது. வழி அடைத்தால் சூடு ஏறும், சூடு ஏறினால் ப்ராசஸர் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். மார்ச் பிறந்தால் நம் ஊர் வெயில் தெரியும்தானே. தூசி எடுத்து, ப்ராசஸரின் சூட்டைக் கடத்துகிற, காய்ந்துபோன தெர்மல் பேஸ்டைத் துடைத்துவிட்டுப் புதிதாக வைக்க அதிகம் ஆகாது. ப்ராசஸரை மாற்றலாமா என்று கேட்க வேண்டாம், இந்த வகை லேப்டாப்புகளில் அது போர்டோடு ஒட்டியே வரும்.

இப்போது ரேம். 4 ஜிபி இன்றைக்குப் பற்றாது என்பது உண்மைதான், 8 ஆக்குங்கள். டாஸ்க் மேனேஜரின் மெமரி பகுதியில் எத்தனை ஸ்லாட், எத்தனை காலி என்று காட்டும். ஆறாம் தலைமுறையில் டிடிஆர்3எல் வகை ரேமும் வந்தது, டிடிஆர்4 வகையும் வந்தது. ஒன்று போகும் இடத்தில் மற்றது உட்காராது. பழைய ரேமின் ஸ்டிக்கரில் பிசி3எல் (டிடிஆர்3எல்) என்றிருக்கிறதா பிசி4 (டிடிஆர்4) என்றிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். 2025 கடைசியிலிருந்து ரேம் விலை ஏறிக் கிடப்பதால் இதை மட்டும் செகண்ட் ஹேண்டில் எடுக்கலாம் என்பேன். ரேம் லேசில் தேயாது. போட்ட பிறகு விண்டோஸிலேயே இருக்கும் மெமரி டயக்னாஸ்டிக்கை ஓடவிட்டுப் பாருங்கள். விண்டோஸ் 32 பிட்டாக இருந்தால் 4 ஜிபிக்கு மேல் பயன்படுத்தாது, 64 பிட் ஏற்றச் சொல்லுங்கள்.

விண்டோஸ் 10க்கான வழக்கமான பாதுகாப்பு அப்டேட் 2025 அக்டோபர் 14ஓடு நின்றுவிட்டது. பதிவு செய்துகொண்டால் 2026 அக்டோபர் 13 வரை நீட்டிப்பு உண்டு. விண்டோஸ் 11 இன்டெலில் எட்டாம் தலைமுறையிலிருந்துதான் முறைப்படி ஏறும். குறுக்கு வழியில் ஏற்றித் தருகிறேன் என்பார்கள். பேங்க் வேலை பார்க்கிற மெஷினில் நான் அதைச் செய்ய மாட்டேன். பிரவுசிங், டைப்பிங், பிள்ளைகள் படிப்பு மட்டும் என்றால் விண்டோஸுக்குப் பதிலாக இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ் மின்ட் போட்டுவிடுங்கள், இந்த ஐ3யில் நன்றாகவே ஓடும். கணக்கு எழுதும் டாலி சாஃப்ட்வேர் வேண்டும் என்றால் விண்டோஸை விட முடியாது. அப்போது ஓராண்டுக்குள் புதுசு வாங்கும் எண்ணத்தோடு, எஸ்எஸ்டி மட்டும் போட்டு ஓட்டுங்கள். புது லேப்டாப்பில் அது பயன்படாவிட்டால் வெளியே செருகும் டிரைவாக ஆகும்.

எதையும் வாங்குவதற்கு முன் டச்பேடைத் தடவிப் பாருங்கள். மேலே எம்பியிருந்தால் அடியில் பேட்டரி உப்பியிருக்கலாம்; அதை மேற்கொண்டு சார்ஜ் போடாமல் முதலில் மாற்ற வேண்டும். பேட்டரி போய், கீல் உடைந்து, கீபோர்டிலும் பாதி வேலை செய்யாத நிலை என்றால் என் பதில் மாறிவிடும்: ஒரு ரூபாய்கூடப் போடாமல் புதுசு வாங்குங்கள்.

பழைய ஹார்ட் டிஸ்கைக் கடையில் விட்டுவிட்டு வராதீர்கள், கேட்டு வாங்கி வாருங்கள். ஒரு மாதம் அழிக்காமல் வைத்திருங்கள், ஏதாவது ஃபைல் விடுபட்டது அப்போதுதான் தெரியவரும். பிறகு யுஎஸ்பி கேஸ் ஒன்று வாங்கி அதில் போட்டு பேக்கப்புக்கு வைத்துக்கொள்ளலாம்.