கிரேக்க நாட்டின் கிரீட் தீவில் அமைதியான கடற்கரைக் கிராமம் வேண்டும். லூட்ரோ குடும்பத்தோடு போக ஏற்றதா?

ஏற்றதுதான், நடக்கத் தயங்காதவர்களுக்கு. லூட்ரோ கிரீட்டின் தென்கரையில், வெண்மலைகளின் அடிவாரத்தில் இருக்கிறது. ஊருக்குச் சாலையே கிடையாது. விமான நிலையமுள்ள சானியா நகரிலிருந்து பேருந்தில் ஹோரா ஸ்ஃபாகியோன் என்ற துறைமுக ஊருக்குப் போய், அங்கிருந்து படகில் அரை மணி நேரத்துக்குள் சேர்ந்துவிடலாம். காற்று பலமாக வீசினால் படகு ஓடாது. அதனால் விமானம் ஏறுவதற்கு முந்தைய இரவைச் சானியாவில் வைத்துக்கொள்ளுங்கள். இதை மட்டும் தயவுசெய்து அலட்சியப்படுத்தாதீர்கள்.

கரை முழுக்கக் கூழாங்கல், மணல் தேடும் குழந்தைகள் ஏமாறலாம். ஆனால் அலையடங்கிய விரிகுடா, நீச்சலுக்கு அருமை. கிழக்கே மலையோரப் பாதையில் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் நடந்தால் கிளிகா நேரா கடற்கரை வரும். அங்கே கடலை ஒட்டியே கூழாங்கற்களைக் கொஞ்சம் தோண்டினால் நல்ல தண்ணீர் ஊறும்! மலையில் பெய்த மழையும் உருகிய பனியும் சுண்ணாம்புப் பாறைக்குள் இறங்கிக் கரையில் வெளிப்படுவதுதான் காரணம். பாதை கரடுமுரடு, நிழலும் இல்லை. சின்னப் பிள்ளைகள் இருந்தால் கோடையில் ஓடும் படகிலேயே போங்கள்.

பெரியவர்கள் 16 கி.மீ. சமாரியா பள்ளத்தாக்கை நடந்து, அது முடியும் கடற்கரை ஊரான அகியா ரூமேலியிலிருந்து மாலைப் படகில் லூட்ரோ திரும்பலாம். ஜூலை, ஆகஸ்ட் வெயில் கடுமை. செப்டம்பரில் கடல் இன்னும் வெதுவெதுப்பாக இருக்கும். என் பரிந்துரை அதுதான்.