72 கிமீ வேகத்தில் செல்லும் கார் 50 மீட்டரில் நின்றால் முடுக்கமும் நேரமும் எவ்வளவு?

மணிக்கு 72 கிமீ வேகத்தில் செல்லும் கார், பிரேக் பிடித்த பின் சீராக வேகம் குறைந்து 50 மீட்டரில் நிற்கிறது என்பதே கணக்கு. முதலில் வேகத்தை 3.6 ஆல் வகுத்து, வினாடிக்கு 20 மீட்டர் என்று மாற்றிக்கொள்ள வேண்டும். விடை தவறும் மாணவர்களில் பலர் சறுக்குவது இங்கேதான்.

நேரம் தரப்படாததால், இறுதித் திசைவேகத்தின் வர்க்கம் = தொடக்கத் திசைவேகத்தின் வர்க்கம் + 2 × முடுக்கம் × தொலைவு என்ற சமன்பாடே பொருத்தமானது. கார் நின்றுவிடுவதால் இறுதித் திசைவேகம் சுழியாகிறது; ஆகவே 0 = 400 + 100 × முடுக்கம் என்றாகி, முடுக்கம் −4 மீ/வி² எனக் கிடைக்கிறது. குறை குறியை விட்டுவிடக் கூடாது: முடுக்கம் இயக்கத்துக்கு எதிர்த்திசையில் உள்ளது என்பதை அதுவே காட்டுகிறது.

திசைவேக மாற்றமான −20 ஐ −4 ஆல் வகுத்தால் நேரம் 5 வினாடி. சரிபார்க்க, சராசரி வேகமான 10 ஐ 5 ஆல் பெருக்குங்கள். 50 மீட்டர் வரும்.

நேரம் வேகத்தையும், தொலைவு வேகத்தின் வர்க்கத்தையும் சார்ந்திருப்பதால், அதே பிரேக்கில் வேகம் இருமடங்கானால் நேரம் 10 வினாடியாகவும், நிற்கும் தொலைவு 200 மீட்டராகவும் உயரும். ஓட்டுநர் பிரேக்கை மிதிக்கும் முன் கடந்துவிடும் தொலைவு இதில் சேரவில்லை.